எச்.ஓ.டி.யே கட்டுரையாளர், எச்.ஓ.டி.யே சீஃப் எடிட்டர்: நான் என்ன செய்வது?

கேள்வி: நான் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறை உதவிப் பேராசிரியர். எங்கள் கல்லூரி ஆண்டுக்கு இரண்டு முறை ஓர் ஆய்விதழ் கொண்டுவருகிறது. போன ஆண்டிலிருந்து நான்தான் அதன் மேனேஜிங் எடிட்டர். எங்கள் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) சார் சீஃப் எடிட்டர். அடுத்த இதழில் 12 கட்டுரைகள் போடுவதாகத் திட்டம். அவற்றில் மூன்று, சாரும் அவருடைய பிஎச்.டி. மாணவர்களும் எழுதியவை. கட்டுரைகளை மதிப்பாய்வு செய்யும் ரிவ்யூவர்களைப் பற்றிக் கேட்டால், "ரிவ்யூவர் பேரை நானே தர்றேன்மா, சீக்கிரம் முடிச்சிடுங்க" என்கிறார். இன்னொரு கட்டுரை என்னுடைய பழைய ஆய்வு வழிகாட்டி (கைடு) அனுப்பியது. அவர் எங்கள் ஆசிரியர் குழுவிலும் இருக்கிறார். ஐந்தாவதாக ஒன்று, ஒரு கிருமிநாசினி நிறுவனத்தின் தயாரிப்பைச் சோதித்த கட்டுரை. அந்த நிறுவனம்தான் எங்கள் பின்னட்டைக்கு விளம்பரம் தருகிறது. மெயில் அனுப்புவதும் நினைவூட்டுவதும்தான் என் வேலை. முடிவு எடுப்பது நான் இல்லை. அப்படியிருக்க எனக்கு இதில் என்ன பொறுப்பு? சாரோடு மனஸ்தாபம் வராமல் இதை ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறதா? யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆய்விதழ்களுக்கான டிஓஏஜே பட்டியலில் எங்கள் இதழைச் சேர்க்க வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

வணக்கம். "முடிவு எடுப்பது நான் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம். ஆய்விதழ் அலுவலக வேலையை நீண்ட காலம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு கட்டுரையின் தலையெழுத்தில் பாதி மேனேஜிங் எடிட்டரின் மேசையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. வந்த கட்டுரையை இன்றே ரிவ்யூவருக்கு அனுப்புவதா, அடுத்த வாரம் அனுப்புவதா என்பது உங்கள் கையில். கண்டிப்பான ரிவ்யூவர் யார், "நன்று, வெளியிடலாம்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுபவர் யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒருவர் "ஏற்கலாம்", இன்னொருவர் "நிராகரிக்கலாம்" என்று எழுதும்போது மூன்றாவது ஆளைத் தேடலாமா, இதோடு முடித்துக்கொள்ளலாமா என்ற யோசனையை முதலில் எழுப்புவதும் நீங்கள்தான். யாருக்கு இரண்டு தடவை நினைவூட்டல் போகிறது, யாருடைய கட்டுரை மெயில் பெட்டியில் தூங்குகிறது என்பதும் அப்படியே. சீஃப் எடிட்டர் கையெழுத்துப் போடும்போது அவர் முன்னால் இருப்பது நீங்கள் வடிவமைத்துத் தந்த கோப்பு. ஆகவே பொறுப்பு உங்களுக்கும் உண்டு. ஒரு விதத்தில் இது நல்ல செய்திதான்: கையில் அதிகாரம் இல்லாதவரால் எதையும் சரிசெய்ய முடியாது, உங்களால் முடியும்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் ஒரு தயக்கம் தெரிகிறது. நலன் முரண் இருக்கிறது என்று சொன்னால் சார் நேர்மையற்றவர் என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அப்படி ஆகாது. நலன் முரண் என்பது ஒருவர் நிற்கும் இடத்தைப் பற்றியது. ஒரு கட்டுரை வெளியானால் எனக்கு நன்மை, அதை வெளியிடலாமா என்று தீர்மானிப்பதும் நான் என்றால், நான் எவ்வளவு நல்லவன் என்பதற்கு அங்கே வேலையே இல்லை. நல்லவர்களுக்கும் தங்கள் கட்டுரையின் ஓட்டை கண்ணில் படாது. அதற்காகத்தான் வெளியாள் பார்வை என்ற ஏற்பாடே வந்தது. முரண் இருப்பது குற்றமில்லை. அதை மறைப்பதும், இருந்துகொண்டே முடிவெடுப்பதும்தான் குற்றம்.

உங்கள் துறையிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள், மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவுக்குப் பலன் தருகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஆன்டிமைக்ரோபியல் ஏஜென்ட்ஸ்' என்ற ஆய்விதழ் அதை மார்ச் 16 அன்று பெற்றது, 17 அன்று ஏற்றது, 20 அன்று இணையத்தில் வெளியிட்டது. சிகிச்சை பெற்றவர்கள் 26 பேர். அவர்களில் ஆறு பேர் இறுதிக் கணக்கில் இல்லை. மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள், ஒருவர் இறந்திருந்தார். கட்டுரையாளர்களில் ஒருவரான ஜான்-மார்க் ரோலான்தான் அப்போது அந்த இதழின் சீஃப் எடிட்டர்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். கேள்விகள் எழுந்ததும், இதழோடு தொடர்புடைய சர்வதேச ஆன்டிமைக்ரோபியல் கீமோதெரபி சங்கம் ஏப்ரல் தொடக்கத்தில் ஓர் அறிக்கை விட்டது. கட்டுரை தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டது. கூடவே, மதிப்பாய்வில் சீஃப் எடிட்டருக்குப் பங்கில்லை, முழுப் பொறுப்பும் ஒரு அசோசியேட் எடிட்டரிடம் கொடுக்கப்பட்டிருந்தது என்றும் சொன்னது. அதாவது விதிப்படி அவர் விலகித்தான் இருந்தார். அப்படியும் யாரும் சமாதானமாகவில்லை. தன் சீஃப் எடிட்டரின் கட்டுரையை ஓர் அசோசியேட் எடிட்டர் ஒரே நாளில் ஏற்றுக்கொள்கிறார் என்றால், அவர் எவ்வளவு சுதந்திரமாக இருந்திருப்பார் என்ற கேள்வி தானாக வரும். பெருந்தொற்றின் அவசரம் என்று ஒரு நியாயம் சொல்லலாம். அந்த மாதங்களில் எல்லா இதழ்களும் வேகமாகத்தான் ஓடின. ஆனால் அவசரம் கூடும்போது காவலும் கூட வேண்டும். அந்தக் கட்டுரையை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கட்டுரைகள் மேற்கோள் காட்டின, அரசியல் தலைவர்கள் மேடையில் பேசினார்கள், நம் ஊர் மருந்துக்கடைகளில்கூட அந்த மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆய்வு நெறிமுறை அனுமதி, ஆய்வு முறை ஆகியவை பற்றிய கவலைகளின் பேரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2024 டிசம்பரில்தான்.

இதிலிருந்து நான் உங்களுக்கு எடுத்துத் தருவது ஒன்றுதான். "சார் விலகிக்கொண்டார்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. அவர் இடத்தில் உட்காருபவர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது. உங்கள் துறையில் அப்படி ஒருவர்கூட இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் உட்பட எல்லாருடைய பணி மதிப்பீட்டிலும் சாரின் கையெழுத்து இருக்கிறது. ஆகவே அந்த மூன்று கட்டுரைகளுக்கும் வெளியிலிருந்து ஒருவர் வேண்டும்: வேறு பல்கலைக்கழகத்தில் இருப்பவர், சாரோடு சேர்ந்து கட்டுரை எழுதாதவர், சாரின் மாணவராக இல்லாதவர், முடிந்தால் வேறு மாநிலத்துக்காரர். அவரை அந்த மூன்று கட்டுரைகளுக்கு மட்டும் பொறுப்பு எடிட்டராக நியமித்து, ரிவ்யூவரைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து இறுதி முடிவு வரை எழுத்துமூலம் அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் நிராகரித்தால் நிராகரித்ததுதான். "கடைசியில் சீஃப் எடிட்டரின் ஒப்புதலோடு" என்று ஒரு வரி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. 1997-ல் பிரிட்டனில் சில மருத்துவ இதழாசிரியர்கள் கூடித் தொடங்கிய கோப் என்ற வெளியீட்டு நெறிமுறைக் குழு, எடிட்டர்களும் ஆசிரியர் குழுவினரும் தங்கள் இதழுக்கே அனுப்பும் கட்டுரைகளை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஒவ்வொரு இதழும் ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்கிறது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ-யின் பரிந்துரையும் இதே திசையில்தான்: முடிவெடுக்கும் எடிட்டருக்கு ஒரு கட்டுரையோடு தொடர்பு இருந்தால் அந்த முடிவிலிருந்து அவர் விலக வேண்டும், எடிட்டர்கள் தங்கள் தொடர்புகளை அவ்வப்போது இதழிலேயே வெளியிடவும் வேண்டும். சிறப்பிதழுக்கு வரும் கெஸ்ட் எடிட்டர்களுக்கும் இதே விதிதான்.

அப்புறம் மெயில் விஷயம். கல்லூரி ஆய்விதழ்கள் பலவும் ஒரே ஒரு ஜிமெயில் முகவரியில் நடக்கின்றன. பாஸ்வேர்டு சீஃப் எடிட்டருக்கும் தெரியும், மேனேஜிங் எடிட்டருக்கும் தெரியும், அலுவலக உதவியாளருக்கும் தெரியும். உங்கள் இதழும் அப்படித்தான் நடக்கும் என்று ஊகிக்கிறேன். சார் தன் கட்டுரையைப் பற்றி ரிவ்யூவர் என்ன எழுதினார், அதை எழுதியது யார் என்பதை அதே இன்பாக்ஸில் படித்துவிட முடிகிறது என்றால், பெயர் மறைத்த மதிப்பாய்வு என்று அட்டையில் போடுவதில் அர்த்தமில்லை. ரிவ்யூவரும் முட்டாளில்லை. தான் எழுதுவது எச்.ஓ.டி. கண்ணில் படும் என்று தெரிந்தால் நாளைக்கு வைவா எக்ஸாமினராக அவர் கூப்பிடுவாரா மாட்டாரா என்பதையும் சேர்த்துத்தான் எழுதுவார். அந்த மூன்று கட்டுரைகளின் கடிதப் போக்குவரத்து முழுவதும் வெளி எடிட்டரின் சொந்த நிறுவன மெயிலிலேயே நடக்கட்டும். உங்களுக்கு வர வேண்டியது முடிவு மட்டும்: ஏற்பா, திருத்தமா, நிராகரிப்பா. ரிவ்யூவர் யார் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டாம். தெரியாததைச் சொல்லச் சொல்லி யாரும் உங்களை நெருக்க முடியாது. ஆய்விதழ் நடத்த உதவும் ஓஜேஎஸ் போன்ற இலவச மென்பொருளுக்கு மாறினாலும் இதே எச்சரிக்கை தேவை. அதில் ஜர்னல் மேனேஜர் பொறுப்பில் இருப்பவர் பயனர் கணக்குகளை நிர்வகிப்பார், இன்னொருவரின் கணக்கில் நுழைந்து பார்க்கவும் அவருக்கு வசதி உண்டு. கட்டுரை அனுப்பும் எடிட்டரிடம் அந்தப் பொறுப்பு இருக்கக் கூடாது.

ரிவ்யூவர் பெயரை சாரே தருவதாகச் சொன்னாரே, அதற்கு வருகிறேன். கட்டுரையாளர் ரிவ்யூவர்களைப் பரிந்துரைப்பது பல இதழ்களில் உள்ள வழக்கம்தான். ஆனால் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. 2012-ல் தென்கொரியாவில் ஒரு தாவர மருந்து ஆய்வாளர் பிடிபட்டார். அவர் பரிந்துரைத்த ரிவ்யூவர்களின் மெயில் முகவரிகள் அவரிடமே வந்து சேரும்படி அமைத்திருந்தார். தன் கட்டுரைகளுக்குத் தானே மதிப்பாய்வு எழுதினார். மதிப்பாய்வுகள் ஒரே நாளுக்குள் வந்து குவிந்ததுதான் எடிட்டருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. 28 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. உங்கள் சார் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவரவில்லை. கட்டுரையாளர் தரும் பெயர்களை வெளி எடிட்டரிடம் கொடுங்கள்; அவர் விரும்பினால் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும், இன்னொன்று அவரே தேடியதாக இருக்கட்டும். பரிந்துரைக்கப்பட்டவர் சாரோடு முன்பு சேர்ந்து எழுதியிருக்கிறாரா என்று கூகுள் ஸ்காலரில் தேடிப் பார்க்க நிறைய நேரம் ஆகாது.

இப்போது கணக்கு. சாரின் டிஓஏஜே ஆசையை நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய துணையே அதுதான். திறந்த அணுக்க இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே-யின் நிபந்தனைகளில் ஒன்று, எடிட்டர், ஆசிரியர் குழு உறுப்பினர், ரிவ்யூவர் ஆகியோரில் ஒருவராவது எழுதிய ஆய்வுக் கட்டுரைகள், கடைசி இரண்டு இதழ்களில் எதிலும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. உங்கள் இதழில் 12 கட்டுரைகள், அப்படியென்றால் உச்சவரம்பு மூன்று. சாருடையது மட்டுமே மூன்று. உங்கள் கைடு ஆசிரியர் குழுவில் இருக்கிறார், அவருடையதைச் சேர்த்தால் நான்கு, அதாவது 33 சதவீதம். உங்கள் ரிவ்யூவர் பட்டியலில் உள்ள யாராவது மீதிக் கட்டுரைகளில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். அவர்களும் கணக்கில் வருவார்கள். மதிப்பாய்வு எவ்வளவு தூய்மையாக நடந்தாலும் இந்த இதழை இப்படியே வெளியிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

சாரிடம் பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள். மனஸ்தாபம் இல்லாமல் பேச வழி கேட்டீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவருடைய கட்டுரைகளை முதலில் எடுக்கவே மாட்டேன். "சார், டிஓஏஜே விண்ணப்பத்தைப் படிச்சுப் பார்த்தேன். போர்டு மெம்பர் கட்டுரை 25 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதாம். நம்ம அடுத்த இதழ்ல நாலு வருது. எடிட்டர்ஸ் கட்டுரைக்கு ஒரு பாலிசியும் வெப்சைட்ல போடணும். நான் ஒரு டிராஃப்ட் எழுதிக் கொண்டுவரட்டுமா?" என்று கேட்பேன். அவர் "அதெல்லாம் எதுக்கும்மா, நான் என்ன தப்பா செய்யப்போறேன்?" என்றால், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை நினைவூட்டலாம். பல்கலைக்கழகத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கக் கூப்பிடும்போது, நெருங்கிய உறவினர் யாரும் இந்தத் தேர்வை எழுதவில்லை என்று எழுதிக் கொடுக்கிறோம். மகள் எழுதுகிறாள் என்றால் அந்த வருடம் வேலையை ஏற்பதில்லை. அப்படி எழுதிக் கேட்டதற்காக எந்தப் பேராசிரியரும் கோபித்துக்கொண்டதில்லை. எல்லாருக்கும் பொதுவான விதி என்பதால் அது யாரையும் குத்துவதில்லை. உங்கள் விதியும் அப்படி, கட்டுரை வருவதற்கு முன்பே எல்லாருக்குமாக எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தத் தடவை கட்டுரை வந்த பிறகு எழுதுகிறோம். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் வெளியிடுவதற்கு முன்பாவது எழுதிவிடலாம்.

இன்னொரு யோசனையையும் மெல்லச் சொல்லிப் பாருங்கள், மூன்றில் இரண்டை வேறு இதழ்களுக்கு அனுப்பும்படி. இது அவருக்கும் அந்த மாணவர்களுக்கும்தான் லாபம். தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்டிவந்த யுஜிசி-கேர் பட்டியலை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கைவிட்டுவிட்டது. 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. எந்த இதழ் தரமானது என்று பார்க்கும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடமே இருக்கிறது. நாளை ஒரு நேர்முகத் தேர்வில் அந்த மாணவர் உட்காரும்போது, "உங்கள் கைடே எடிட்டராக இருக்கும் இதழில்தானே போட்டிருக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? கட்டுரை உண்மையிலேயே நல்லதாக இருந்தாலும் அந்தக் கேள்வி அவரை விட்டுப் போகாது. சீஃப் எடிட்டரின் சௌகரியத்துக்கு மாணவர் விலை கொடுக்கிறார் என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு அதிகமாக வலிக்கிற இடம்.

எடிட்டர்கள் தங்கள் இதழிலேயே எழுதிக் குவித்தால் என்ன ஆகும் என்பதற்கு 'கேயாஸ், சாலிடான்ஸ் அண்ட் ஃப்ராக்டல்ஸ்' கதை இருக்கிறது. எல்சேவியர் வெளியிட்ட அந்த இதழின் நிறுவன எடிட்டர் முகமது எல் நாஷி, தன் இதழிலேயே நூற்றுக்கணக்கில் எழுதினார். 2008-ல் 'நேச்சர்' அறிவியல் இதழ் இதைச் செய்தியாக்கியது. அவர் அவதூறு வழக்குப் போட்டார். 2012-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இது அபூர்வமான கடைக்கோடி உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2021-ல் 'பிளாஸ் பயாலஜி' ஆய்விதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ-உயிரியல் இதழ்களைப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரே ஆளின் கட்டுரைகள் வழக்கத்துக்கு மீறிக் குவிந்த இதழ்களும் இருந்தன. அவற்றில் அந்த ஆள் பல நேரம் ஆசிரியர் குழுவிலேயே இருந்தார், அவருடைய கட்டுரைகள் மற்றவர்களுடையதைவிட வேகமாக ஏற்கப்பட்டன. சாரின் "சீக்கிரம் முடிச்சிடுங்க" என்ற சொல்லில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான். பெற்ற தேதி, திருத்திய தேதி, ஏற்ற தேதி மூன்றையும் ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்திலும் அச்சிடுங்கள். யாருடைய கட்டுரைக்கு எத்தனை நாள் ஆனது என்று வாசகர் பார்க்கட்டும்.

வெளி எடிட்டர் ஏற்று, சாரின் கட்டுரை வெளியானால் அதன் அடியில் இப்படி ஒரு குறிப்பு போதும்: "இக்கட்டுரையாளர்களில் ஒருவர் இந்த இதழின் முதன்மைப் பதிப்பாசிரியர். இக்கட்டுரையின் மதிப்பாய்விலும் முடிவிலும் அவருக்குப் பங்கில்லை. மதிப்பாய்வு விவரங்களை அவர் பார்க்கவில்லை. இதை வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பதிப்பாசிரியர் கையாண்டார்." அந்த வெளி எடிட்டரின் பெயரையும், அவர் சம்மதித்தால், நிறுவனத்தையும் சேருங்கள். பெயர் அச்சில் வரும் என்று தெரிந்தால் அவரும் கவனமாக வேலை செய்வார்.

இனி உங்கள் கைடின் கட்டுரை. இங்கே முரண் சாருடையது இல்லை, உங்களுடையது. அதில் உங்கள் பெயர் இல்லை என்பதால் மட்டும் நீங்கள் வெளியாள் ஆகிவிட மாட்டீர்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆய்வு நிதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்போது, சேர்ந்து கட்டுரை எழுதியவர்களுக்கு 48 மாதம் என்று கால வரம்பு வைக்கிறது. கைடு-மாணவர் உறவுக்குக் காலவரம்பே கிடையாது, ஆயுள் முழுக்க அது முரண்தான். நம் ஊரில் அந்த உறவு அதைவிட ஆழமானது. கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை வைப்பதே கைடுக்குத்தான். அவர் கட்டுரையை நீங்கள் ரிவ்யூவருக்கு அனுப்பக் கூடாது, அதன் கோப்பைத் திறக்கவும் கூடாது. வேறு துறையிலிருந்து ஒரு சக ஆசிரியரை இந்த ஒரு கட்டுரைக்கு மேனேஜிங் எடிட்டராக உட்காரவைத்துவிட்டு, "இன்ன காரணத்தால் நான் விலகிக்கொள்கிறேன்" என்று சாருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள். இதை முதலில் செய்துவிட்டு, அதன் பிறகு சாரிடம் அவருடைய கட்டுரைகளைப் பற்றிப் பேசப் போங்கள். உங்களை நீங்களே முதலில் விலக்கிக்கொண்டபின் கேட்கும்போது அது குற்றச்சாட்டாகத் தோன்றாது.

"எங்கள் துறையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், இப்படிப் பார்த்தால் யாருமே மிஞ்ச மாட்டார்கள்" என்று உங்கள் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் யாராவது நிச்சயம் சொல்வார். கருத்தரங்கில் சேர்ந்து டீ குடித்ததெல்லாம் முரண் ஆகாது. ஒரே துறை, கைடு-மாணவர், சமீபத்தில் சேர்ந்து எழுதியது, பணம், குடும்பம், இவைதான் ஒருவரை விலக்க வேண்டியவை. கூடவே எல்லாரும் மறந்துவிடும் ஒன்றும் உண்டு: பகை. பதவி உயர்வில் போட்டியாளர், முன்பு வழக்குப் போட்டவர், ஒரே தலைப்பில் முந்திக்கொள்ளப் பார்ப்பவர், இவர்களின் கட்டுரையைக் கிடப்பில் போடுவதும் அதே முறைகேடுதான். எடிட்டர்கள் ஆண்டுக்கொருமுறை நிரப்பும் படிவத்தில் வேண்டியவர்களைப் பற்றிக் கேட்பதுபோல வேண்டாதவர்களைப் பற்றியும் கேளுங்கள்.

கிருமிநாசினிக் கட்டுரையில் கேட்க வேண்டியவை குறைவுதான். ஆய்வுக்கு அந்த நிறுவனம் பணமோ பொருளோ கொடுத்ததா? கட்டுரையாளர் யாராவது அங்கே ஆலோசகரா? பதில் என்னவாக இருந்தாலும் கட்டுரையிலேயே அச்சாக வேண்டும். விளம்பரம் பிடிப்பவரும் கட்டுரையைக் கையாள்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நீங்கள்தான் விளம்பரத் தொகையை வசூலிக்கிறீர்கள் என்றால் அந்த வேலையை அலுவலகத்திடம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கட்டுரை வரும் இதழில் மட்டுமாவது பின்னட்டையில் அந்த விளம்பரம் வேண்டாம். சின்ன விளம்பரம்தானே என்று தோன்றலாம். 2017-ல் பிரிட்டனின் மருத்துவ இதழான 'பிஎம்ஜே' வெளியிட்ட ஓர் ஆய்வு, 52 முக்கிய மருத்துவ இதழ்களின் அமெரிக்க எடிட்டர்கள் 713 பேரைப் பார்த்தது. 2014-ல் பாதிப்பேர் மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்களிடமிருந்து ஏதோ ஒரு தொகை பெற்றிருந்தார்கள். பெரும்பாலோருக்கு அது சாப்பாட்டுச் செலவு அளவில்தான், சிலருக்கு மிகப் பெரிய தொகை. நிறுவனங்கள் மருத்துவர்களுக்குத் தரும் பணத்தை வெளியிட வேண்டும் என்று 2010-ல் அங்கே சட்டம் வந்ததால்தான் இதுவும் தெரிந்தது. பணம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதற்கு 2011-ல் 'தி ஸ்பைன் ஜர்னல்' ஒரு மறுஆய்வைக் கொண்டுவந்தது: முதுகுத்தண்டு அறுவையில் பயன்படும் எலும்பு வளர்ச்சிப் புரதம் ஒன்றைப் பற்றி நிறுவன நிதியில் நடந்த 13 ஆய்வுகள், அந்தப் புரதத்தால் பக்கவிளைவே இல்லை என்றிருந்தன, மறுபடி கணக்குப் போட்டபோது பாதிப்பு 10 முதல் 50 சதவீதம் வரை என்று வந்தது.

சார் எதற்கும் சம்மதிக்கவில்லை என்றால்? வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நிர்வாகத்தோடு மோதி எடிட்டர்கள் வேலை இழப்பது பெரிய இதழ்களிலேயே நடந்திருக்கிறது. கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில், ஒரு செய்திக் கட்டுரையில் சங்கத் தரப்பு தலையிட்டதை ஆசிரியர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். சில மாதங்களில், 2006 பிப்ரவரியில், சீஃப் எடிட்டர் ஜான் ஹோயியும் இன்னொரு மூத்த எடிட்டரும் நீக்கப்பட்டார்கள். அதன் பிறகுதான் இதழின் சுதந்திரத்தை எழுத்தில் உறுதிசெய்யும் ஏற்பாடு வந்தது. நீங்கள் மூன்று விஷயங்களில் மட்டும் உறுதியாக இருங்கள். பேசியதை எல்லாம் அன்றே ஒரு மெயிலாகச் சாருக்கு அனுப்பிவிடுங்கள்: "நேற்று பேசியபடி, இந்த மூன்று கட்டுரைகளுக்கு வெளி எடிட்டர் வைக்க வேண்டும் என்று கேட்டேன்." நடக்காத மதிப்பாய்வு நடந்ததாக எந்தச் சான்றிதழிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஏற்புக் கடிதத்தில் உங்கள் பெயர் இருந்தால் அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த மூன்று கட்டுரைகளைக் கையாள்வதிலிருந்து, அவருக்குக் கீழே பணிபுரிவதைக் காரணமாகச் சொல்லி, எழுத்தில் விலகிக்கொள்ளுங்கள். அது உண்மையான காரணம், யாரையும் புண்படுத்தாத காரணம். வெளியே முறையிடலாமா என்று யோசித்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், கோப் தன் உறுப்பினர் இதழ்களைப் பற்றிய புகார்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். உங்கள் இதழ் உறுப்பினர் இல்லையென்றால் அங்கே போய்ப் பயனில்லை. கல்லூரியின் ஆய்வு டீன் அல்லது முதல்வர்தான் வழி.

கடைசியாக, இந்த இதழுக்கான நடைமுறை. சார் தந்த பெயர்களுக்கு ஏற்கெனவே ஏதாவது ஒரு கட்டுரையை அனுப்பிவிட்டீர்கள் என்றால், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு நிறுத்திவிட்டு, வெளி எடிட்டர் புதிதாகத் தொடங்கட்டும். மதிப்பாய்வு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் அதை அவரிடம் கொடுங்கள், வைத்துக்கொள்வதா தள்ளுவதா என்று அவர் பார்த்துக்கொள்வார். சாரின் மூன்று கட்டுரைகளும் குறித்த தேதிக்குள் முடியாமல் போனால், மற்ற கட்டுரைகளோடு இதழை வெளியிட்டுவிடுங்கள். இந்த மூன்றும் தயாரானதும், 25 சதவீதக் கணக்குக்கு உட்பட்டு, அடுத்தடுத்த இதழ்களில் வரட்டும். கொள்கை வரைவை இதழ் அச்சுக்குப் போவதற்கு முன் ஆசிரியர் குழுவில் வைத்து, நிறைவேறிய தேதியோடு இணையதளத்தில் ஏற்றுங்கள்.